நீல டிரம் என்னும் மூடநம்பிக்கை

ஐப்பசி பிறந்து முதல் கனமழை. எதிர்வீட்டு நண்பர் புதிதாக வாங்கிய 200 லிட்டர் நீல டிரம்மை மொட்டைமாடி வடிகுழாய்க்குக் கீழே நிறுத்தியிருந்தார். அடியில் ஒரு பைப், வாயில் கொசுவலை, மேல்பக்கம் வழிந்தோட ஒரு துளை. நான் காபி குடித்து முடிப்பதற்குள் டிரம் நிறைந்துவிட்டது. படமெடுத்துத் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கட்டைவிரல்கள் குவிந்தன. மழை அதற்கப்புறமும் இரண்டு மணி நேரம் பெய்தது. துளை வழியே வழிந்த தண்ணீர், சுவருக்குச் சுவர் பதித்திருந்த பேவர் பிளாக் மேல் வழுக்கிக்கொண்டு கேட்டுக்கு அடியில் நுழைந்து தெருவுக்குப் போயிற்று. அதை யாரும் படமெடுக்கவில்லை.

மழைநீரில் வீட்டுத் தோட்டம் போடுவது என்றாலே டிரம் வாங்குவது என்று ஊர் நம்புகிறது. தோட்டக்கலை வீடியோக்களும் அதையே ஓதுகின்றன. நான் சென்னைக்காரன், எனக்குத் தெரிந்த மழையை வைத்துச் சொல்கிறேன்: இந்த ஊரில் டிரம் ஒரு பொம்மை.

கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். 600 சதுர அடி மாடி என்பது ஏறக்குறைய 56 சதுர மீட்டர். 4 மில்லிமீட்டர் பெய்தாலே டிரம் தளும்பிவிடும். கார்த்திகையில் சாதாரணமாக ஒரே நாளில் 50 மில்லிமீட்டர் பெய்யும். அன்றைக்கு அந்த மாடியிலிருந்து இறங்குவது 2,800 லிட்டர். பிடித்தது 200, விட்டது 2,600. சென்னைக்கு வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் அதே மாடி 60,000 லிட்டருக்கு மேல் தருகிறது. இதில் ஒரு டிரம்மை நிரப்பிவிட்டு ‘சேமிக்கிறோம்’ என்பதற்கு நிறையத் துணிச்சல் வேண்டும்.

அளவை விடுங்கள், காலம் இன்னும் மோசம். நம் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. டிரம் நிறைந்திருக்கும் அந்த நாட்களில் செடிக்குத் தண்ணீர் தேவையே இல்லை. வேர் அழுகாமல் இருந்தால் போதும் என்று நாம் செடிப் பையைச் சாய்த்து வடிக்கிறோம். தை பிறந்தால் வானம் மூடிக்கொள்ளும். அதிலிருந்து கத்திரி முடியும் வரை மழை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. மாடியில் 40 குரோ பேக் வைத்திருப்பவருக்குப் பங்குனி வெயிலில் பைக்கு ஒரு லிட்டர் என்றாலும் நாளைக்கு 40 லிட்டர். டிரம் ஐந்து நாள் வரும். ஆறாம் நாள்? மோட்டார் சுவிட்ச்தான்.

டிரம்முக்கும் ஒரு நல்ல காலம் உண்டு என்பதை மறைக்கப் போவதில்லை. ஆனியிலிருந்து புரட்டாசி வரை சாயங்காலம் இடிமழை வரும், நான்கைந்து நாள் வெயிலடிக்கும், மறுபடி பெய்யும். அப்போது டிரம் நிறைவதும் காலியாவதுமாக ஓரளவு உழைக்கிறது. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் இன்னொரு உபயோகம்: பையின் மேல்மண்ணில் வெள்ளையாக உப்புப் பூத்து, ரோஜா இலையின் ஓரம் கருகும்போது, வாரத்துக்கு ஒருமுறை மழைநீரை அடிவழியே வடியும் வரை ஊற்றினால் உப்புக் கழுவப்பட்டு இறங்கும். அதற்காக வாங்குங்கள். (பழைய டிரம் வாங்குகிறவர்கள் அதில் முன்பு என்ன ரசாயனம் இருந்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கீரை சாப்பிடப் போவது நீங்கள்.) கூடவே விற்கிற வடிகட்டி மட்டும் வேண்டாம். குடிக்கிற தண்ணீருக்கு அது சரி. காக்கை எச்சமும் தூசியும் கலந்த முதல் மழை, செடிக்குச் சாப்பாடு.

தோட்டத்துக்கான தொட்டி காலுக்குக் கீழே இருக்கிறது. நாம்தான் அதற்கு மூடி போட்டுவிட்டோம். நல்ல மண் ஒரு கன மீட்டருக்கு, வேர் உறிஞ்சக்கூடிய தண்ணீரை மட்டுமே 150 லிட்டர் அளவுக்குப் பிடித்து வைத்துக்கொள்ளும். பெசன்ட் நகர் மாதிரிக் கடற்கரை மணலில் இதில் பாதிதான் நிற்கும். மக்கு சேர்த்தால் கொஞ்சம் கூடும்.

என் வீட்டில் பன்னிரண்டுக்கு எட்டு அடி பேவர் பிளாக்கைப் பெயர்த்தேன். இரண்டடி தோண்டி, தேங்காய் மட்டைகளைக் குழிந்த பக்கம் வானம் பார்க்க நெருக்கமாக அடுக்கினேன். தென்னந்தோப்பில் மரத்தைச் சுற்றிப் புதைக்கிற பழைய முறைதான். நனைந்த மட்டை பஞ்சு மாதிரி, சீக்கிரம் காயாது. அதன் மேல் சருகு, தொழு உரம், தோண்டிய மண். மாடிக் குழாயை அதற்குள் திருப்பிவிட்டேன். கணக்குப்படி நான்கு டிரம் தண்ணீரைத் தாங்கும் இடம். கொசு முட்டையிடாது, கார்ப்பரேஷன் ஆள் வந்து கவிழ்க்கவும் முடியாது.

முதல் வருஷம் சொதப்பினேன். குழாய் விழும் இடத்திலேயே பப்பாளியை வைத்திருந்தேன். கார்த்திகையில் இரண்டு நாள் அடைமழை, மூன்றாம் நாள் இலையெல்லாம் தொங்கிப்போய், தண்டைத் தொட்டால் கொழகொழவென்று கையோடு வந்தது. பப்பாளிக்குக் காலில் தண்ணீர் நிற்கக் கூடாது என்பதை மரத்தைப் பறிகொடுத்துக் கற்றேன். இப்போது பள்ளத்தில் வாழையும் சேம்பும், விளிம்பில் கருவேப்பிலை, தனியாக மேடு கட்டி அதில் பப்பாளி. மேலே நாலு விரற்கடை சருகு மூடாக்கு. தை கடைசி வரை அந்த வாழைக்கு நான் ஒரு குடம்கூட ஊற்றவில்லை. சித்திரையில் மண்ணும் காயத்தான் செய்யும். அப்போது அரிசி களைந்த தண்ணீரும் காய்கறி கழுவிய தண்ணீரும் போகும்.

இதைச் சொன்னால் இரண்டு ஆட்சேபம் வரும். முதலாவது, அஸ்திவாரம் இளகிவிடும். சுவரை ஒட்டிக் குழி தோண்டினால் யாருக்கும் வினைதான். நாலைந்து அடி தள்ளித் தோண்டுங்கள். களிமண் பகுதியிலும், வேளச்சேரி மாதிரித் தாழ்வான இடத்திலும் கார்த்திகையில் மண்ணுக்கே மூச்சுமுட்டும் என்பது நிஜம். அங்கே பள்ளத்தைச் சின்னதாக்கி, மேட்டுப் பாத்தியைப் பெரிதாக்க வேண்டும்.

இரண்டாவதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. “மண்ணுல விட்டா பக்கத்து வீட்டு போருக்குல்ல சார் போகும்?” டிரம்மின் கவர்ச்சியே இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். டிரம்மில் இருப்பது என் தண்ணீர், தட்டிப் பார்க்கலாம். மண்ணில் போனது ஊர்த் தண்ணீர். மேல் இரண்டடியில் தங்குவதை உங்கள் வேர்தான் குடிக்கப்போகிறது. அதற்கும் கீழே இறங்குவது, ஆமாம், பக்கத்து வீட்டுக்குப் போகும். அவர் மாடியில் விழுந்தது உங்கள் போருக்கு வரும், அவரும் டிரம் வாங்காமல் இருந்தால்.

மழைநீர் சேகரிப்பு ஆர்வலர் சேகர் ராகவன் பெசன்ட் நகரில் வீடு வீடாகக் கதவைத் தட்டி மழையை மண்ணுக்குள் விடச் சொன்னார். 2003-ல் அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. பல வீடுகளில் அது அதிகாரி கண்ணுக்குக் காட்டிய ஜல்லிக் குழியாகவே முடிந்து, தூர் அடைத்துக் கிடக்கிறது. ஆனாலும் திசை சரியாக இருந்தது: மாடியிலிருந்து மண்ணுக்கு. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. நம் 600 சதுர அடி மாடியில் அது 27,000 லிட்டர். நான்கே வருஷத்தில், 2019 ஜூலையில், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்து இந்த ஊர் குடித்தது. இவ்வளவுக்கும் பிறகு நாம் கண்டுபிடித்த முன்னேற்றம், நீல நிறத்தில் ஒரு டிரம்.

அபார்ட்மெண்டில் கைப்பிடி மண்கூட இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்பீர்கள். பார்க்கிங் ஓரத்தில் மூன்றடி அகலத்துக்கு மண் இருக்கும், அதன் மேல் டைல்ஸ் இருக்கும். சங்கக் கூட்டத்தில் டிரம்முக்குப் பணம் வசூலிப்பதற்குப் பதில் அந்த டைல்ஸைப் பற்றிப் பேசிப் பாருங்கள். செருப்பில் சேறு ஒட்டும் என்று முதல் ஆளாக எழுந்து சண்டைக்கு வருகிறவர், மாடியில் முப்பது பை வைத்திருக்கும் இயற்கை ஆர்வலராக இருப்பார்.

என் வீட்டு பேவர் பிளாக்கைப் பெயர்க்க வந்த கொத்தனாரிடம் எவ்வளவு கூலி என்று கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். “போடுறதுக்கு சதுர அடி ரேட்டு இருக்கு சார். எடுக்குறதுக்கு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல.”