ஜாக்கி தூக்கும், தாங்காது!

பேரணாம்பட்டு டேனரிகளில் டிரம்மின் பேரிங் தேய்ந்துவிட்டால் என்ன நடக்கிறது? அச்சுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, டிரம்மை ஒரு விரற்கடை தூக்கியாக வேண்டும். சுண்ணாம்பும் கொழுப்பும் ஓடிய வழுக்குத் தரை. அடுத்த லோடு காத்திருக்கிறதென்று மேஸ்திரி விரட்டுகிறார். கட்டை தேட நேரமில்லை. தொழிலாளி கையை உள்ளே விடுகிறான்.

குடியாத்தம் சாலையில் பஞ்சரான லாரிக்கு அடியில் புகும் கிளீனரும், வயலில் டிராக்டரைத் தூக்கும் விவசாயத் தொழிலாளியும் செய்வது இதையேதான்.

ஆயில் ஜாக்கியின் உள்ளே பாரத்தைத் தடுத்து நிற்பது ஒரு ரப்பர் சீல். அது தேய்ந்தால் எண்ணெய் கசியும். பாரம் மெல்ல இறங்கும், அல்லது ஒரே மூச்சில் விழும். திருகு ஜாக்கியில் எண்ணெய் இல்லை. ஆனால் சாய்ந்தால் வழுக்கிவிடும். ஆகவே, தூக்கியவுடன் ஸ்டாண்டோ கனத்த மரக்கட்டையோ கொடுத்து, பாரத்தை அதன்மேல் இறக்க வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக் கூடவே கூடாது. அவை சொல்லாமல் நொறுங்கும். வெயிலில் இளகிய தார் ரோட்டிலும் சேற்றிலும் ஜாக்கிக்கு அடியில் பலகை வேண்டும்.

லாரி ஓட்டும் தோழர்கள் கவனிக்க! ஹேண்ட் பிரேக் பெரும்பாலும் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கும். பின் சக்கரத்தையே தூக்கிவிட்டால் பிடிமானம் தளர்ந்துவிடும். தரையிலிருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, நட்டுகளைத் தூக்குமுன்பே இளக்கிவிடுங்கள். டேனரியிலோ, டிரம்மில் சரக்கும் தண்ணீரும் இருக்கும்போது தூக்கலாகாது. மெயின் சுவிட்சைப் பூட்டி, சாவியை வேலை செய்பவனே மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சட்டம் என்ன சொல்லிற்று? கிரேன், விஞ்சு, கப்பி முதலியவற்றை 12 மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதியுள்ளவர் சோதிக்க வேண்டுமென்றது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம். அந்தப் பட்டியலில் ஏழை ஜாக்கிக்கு இடமில்லை. 2025 நவம்பர் 21 முதல் அச்சட்டத்தின் இடத்துக்கு 2020-ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. மின்சாரத்தில் இயங்கும் இடத்தில் முன்பு 10 பேர் இருந்தாலே தொழிற்சாலை. இப்போது 20 பேர் வேண்டுமாம். 15 பேர் உழைக்கும் சின்ன டேனரி தொழிற்சாலை என்ற பெயரையே இழந்தது. டிரம்மின் எடை மட்டும் குறையவில்லை!

ஒரு ஜோடி ஸ்டாண்டின் விலை ஒரு லாரி டயரின் விலைகூட வராது. அதை வாங்கித் தருவது நிர்வாகத்தின் கடமை. தொழிலாளியின் கூலியில் பிடிப்பதற்கல்ல. அடுத்த யூனியன் கூட்டத்துக்கு வரும் தோழர்கள், தங்கள் இடத்தில் எத்தனை ஜாக்கி, எத்தனை ஸ்டாண்டு, எதில் எண்ணெய் ஒழுகுகிறது, எதில் டன் கணக்கு அழிந்துபோயிருக்கிறது என்று எழுதிக்கொண்டு வரட்டும். அந்தக் கணக்கோடு மானேஜர்களைப் பார்ப்போம்.