கடலை நம்பிக் கார்பனை விற்கலாமா?

கடலில் இரும்புச் சத்தைத் தூவினால் நுண்பாசிகள் பெருகும். அவை கரியமில வாயுவை உறிஞ்சி ஆழத்துக்குக் கொண்டுபோகும். அந்தக் கணக்கைக் காட்டி, ஆலைகள் தங்கள் புகைக்கு ஈடாக வாங்கும் கார்பன் கிரெடிட் விற்கலாம் என்கிற யோசனைக்கு இன்றும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். பாசியை வளர்ப்பது இதில் எளிய வேலை. வளர்ந்த பாசி கடைசியில் என்ன ஆகிறது என்பதைப் பெரும்பாலும் நுண்ணுயிர்களே முடிவு செய்கின்றன. அந்த முடிவை அளக்காமல் கிரெடிட் விற்க அனுமதிக்கக் கூடாது.

கடலின் நுண்பாசிகள் ஆண்டுக்குச் சுமார் 5,000 கோடி டன் கார்பனை உயிர்ப்பொருளாக மாற்றுகின்றன. அதில் கடலடிப் படிவில் நிலையாகப் புதைவது நூறில் ஒரு பங்குகூட இல்லை. பாசி செத்தாலோ, வைரஸ் தாக்கி உடைந்தாலோ, உள்ளிருக்கும் சர்க்கரையும் புரதமும் நீரில் கசிகின்றன. பெரிய மூலக்கூறுகள் பாக்டீரியாவின் செல்லுக்குள் அப்படியே நுழையாது என்பதால், அது நொதிகளைக் கொண்டு அவற்றை வெளியிலேயே துண்டாக்கி உறிஞ்சுகிறது. உறிஞ்சியதில் பெரும்பகுதி சுவாசத்தின் வழியே மறுபடி கரியமில வாயு ஆகிறது. எளிதில் சிதையாத சிறு பகுதி மட்டும் நீரிலேயே தங்குகிறது. கடலில் கரைந்துள்ள கரிமப் பொருளில் இருக்கும் கார்பன் சுமார் 66,000 கோடி டன். பசிபிக் ஆழத்தில் அதன் சராசரி வயது ஏறத்தாழ 6,000 ஆண்டு.

2009-ல் இந்தியாவும் ஜெர்மனியும் தென்பெருங்கடலில் நடத்திய லோஹாஃபெக்ஸ் ஆய்வு, பாசி பெருகினாலே கார்பன் ஆழத்துக்குப் போய்விடாது என்பதற்கு நல்ல சான்று. 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்பு இடப்பட்டது, பாசியும் பெருகியது. ஆனால் அங்கே சிலிக்கா குறைவு என்பதால், சிலிக்காவால் ஆன கனத்த ஓடுள்ள டயட்டம் பாசிகள் வளரவில்லை. வளர்ந்த சிறு பாசிகளைக் கோப்பிபாடு என்னும் சிறு ஓட்டுயிரிகள் மேய்ந்தன. ஆழத்துக்கு இறங்கும் கார்பன் குறிப்பிடும்படி கூடவில்லை.

2004-ல் அதே கடலில் நடந்த ஐஃபெக்ஸ் ஆய்வில் டயட்டம் பெருக்கத்தின் பாதியாவது 1,000 மீட்டருக்குக் கீழே இறங்கியதே என்று கேட்கலாம். உண்மைதான். ஒரே கடலில், ஒரே சத்துக்கு இரு வேறு விளைவுகள் வந்திருப்பதால்தான் ஒவ்வொரு இடத்திலும் அளவீடு தேவைப்படுகிறது. நுண்ணுயிர்கள் சிதைக்காமல் நீரில் விட்டுவைக்கும் கார்பன் சேமிப்பைப் பெருக்கலாமே என்பது அடுத்த வாதம். அந்த இருப்பு பல்லாயிரம் ஆண்டுகளில் சேர்ந்தது. நாமோ நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவை எரித்து ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி டன் கார்பனை வெளியேற்றுகிறோம். அளந்து முடிக்கும்வரை காத்திருக்க நேரமில்லை என்பாரும் உண்டு. கடலில் இட்ட கார்பன் சில ஆண்டுகளில் மேலே திரும்பிவிட்டாலும், அதைக் காட்டி ஓர் ஆலை வெளியேற்றிய கரியமில வாயு நூற்றாண்டுகளுக்கு நிற்கும். அவசரத்துக்கு அது மருந்தாகாது. கடல் உரமிடலை ஆய்வுக்கு மட்டும் அனுமதிக்கும் லண்டன் நெறிமுறை என்ற, கடலில் கழிவு கொட்டுவதைக் கட்டுப்படுத்தும் உடன்பாட்டின் 2013-ம் ஆண்டுத் திருத்தத்தை நாடுகள் விரைந்து ஏற்க வேண்டும். ஆய்வுக்குத் தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும். புகையைக் குறைக்கும் கடமையைப் பாக்டீரியாக்களின் தலையில் கட்ட முடியாது.