வாசல் எவருக்கு?

சந்தியில் ஒரு சாப்பாட்டுக் கடை எழும்போது, அதன் வரைபடம் முதலாளியினதும் மேசனினதும் காரியம் என்று நம்மவர் வாளாவிருக்கின்றனர். எவர் உள்ளே வரலாம், எவர் தயங்கி வெளியே நிற்க வேண்டும் என்பதைச் சட்டப் புத்தகத்துக்கு முன்னரே சுவரும் படியும் தீர்மானித்துவிடுகின்றன என்பதை மறந்துவிடுகின்றனர்.

யாழ்ப்பாணத்துப் பழைய தேநீர்க் கடைகளே இதற்குச் சான்று. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அங்கு உள்ளே ஆசனம் இருக்கவில்லை. வெளியே நின்று, புறம்பாக வைத்த ஏனத்திற் குடிக்க வேண்டியிருந்தது. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் அதனைக் குற்றமாக்கியது. ஆயினும் கடைக்குள் கால் வைக்க மக்கள் போராடவே வேண்டியிருந்தது. 1971இல் அச்சட்டத்தைத் திருத்தவும் நேர்ந்தது. சட்டம் உரிமையைத் தரும். அவ்வுரிமையைக் கூச்சமின்றி அனுபவிக்கும் இடத்தை அமைப்பது நமது கடன்.

இன்று எவரும் சாதி கேட்டு மறிப்பதில்லை என்பீர்கள். ஆனால் இருண்ட கண்ணாடியும் உயர்ந்த படியும் வேறு விதமாக மறிக்கின்றன. சேறு படிந்த காலுடன் சந்தையிலிருந்து வரும் கமக்காரன் அக்கண்ணாடியைக் கண்டு ஒதுங்குகிறான். போரிற் காலிழந்தவர் படியடியில் நின்றுவிடுகிறார். இதுவா நாகரிகம்?

வட மாகாண விவசாயத் திணைக்களம் தோற்றுவித்த அம்மாச்சி உணவகங்களைப் பாருங்கள். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் திருநெல்வேலியிலும் பெண்கள் நம் கண்முன்னே சமைக்கின்றனர். அடுப்படி மறைவில் இல்லாமையால் சுத்தத்துக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. குரக்கனையும் உழுந்தையும் விளைவித்தவனும், வைத்தியரும், மாணவரும் ஒரே வரிசையில் நின்று வாங்குகின்றனர். திறந்த கட்டிடத்தின் பயன் இதுவன்றோ!

ஆதலின் கட்டிட வரைபடங்களுக்கு அனுமதி வழங்கும் உள்ளூராட்சி மன்றங்களுக்கு நாம் கூறுவது இதுவே: சந்தைகளிலும் பஸ் நிலையங்களிலும் உணவகத்துக்கு இடம் கொடுக்கும்போது, வாடகையை மட்டும் பேசாதீர்கள். வீதியை நோக்கிய அகன்ற வாசல், படிக்குப் பக்கத்திற் சரிவுப் பாதை, வெயிலைத் தடுத்துக் காற்றை விடும் தாழ்வாரம், எல்லோருக்கும் தெரியும் அடுப்படி, முன்புறத்திற் கைகழுவத் தண்ணீர் — இவற்றை ஒப்பந்த நிபந்தனைகளாக எழுதுங்கள்.

உரிமைக்காகக் குரல் எழுப்பும் இனம், தன் சந்தியிலுள்ள கடை வாசலை எவருக்கும் ஒடுக்கமாக வைத்திருத்தல் ஆகாது.