மேகமலைக் குகைகளையும் அவற்றில் வாழும் வௌவால்களையும் காக்கக் கோரும் மகஜர்

ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகக் கள இயக்குநர் அவர்களுக்கும், தேனி மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கும்

கனம் பொருந்திய ஐயா,

கம்பம் பள்ளத்தாக்கிலும் வருசநாட்டிலும் பயிர்த்தொழில் செய்வோரும், மலைமேல் தேயிலை, ஏலத் தோட்டங்களில் உழைப்போரும் அங்கத்தினராயுள்ள எங்கள் சங்கம், தன் பொதுக்குழுவின் தீர்மானப்படி இம்மகஜரை மரியாதையுடன் சமர்ப்பிக்கிறது. வௌவாலுக்காகவா ஒரு மகஜர் என்று திராட்சைத் தோட்டக்காரர் சிலர் முதலில் நகைத்தனர். விஷயத்தை விளங்கக் கேட்டபின் அவர்களும் கையொப்பமிட்டனர்.

1948-இல் ஆங்கஸ் ஹட்டன் என்னும் தோட்டத்துரை இம்மலையில் பிடித்துப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துச் சேகரிப்பில் சேர்ந்த ஒரு பழந்தின்னி வௌவால், எங்கும் காணப்படும் சாதாரண இனமென்றே தவறாகக் குறிக்கப்பட்டு 24 ஆண்டுகள் கிடந்து, 1972-இல் தாய்லாந்து தேசத்து அறிஞர் கிட்டி தொங்லோங்யாவின் ஆராய்ச்சியால் புதிய இனமென்று மட்டுமன்றித் தனியொரு பேரினமென்றும் நிர்ணயிக்கப்பட்டு, பறவையியல் மேதை சாலிம் அலியின் நாமத்தைப் பெற்றது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியன்றி உலகில் வேறெங்கும் இல்லாத இப்பிராணி, களக்காடு, அகத்தியமலை வனங்களிலும் பின்னர்க் காணப்பட்டதாயினும், முதலில் அறியப்பட்ட இடம் மேகமலையே.

வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டம், பழந்தின்னி வௌவால்களை எலியோடும் காக்கையோடும் சேர்த்துத் தீங்குயிர்களென 5-ஆம் அட்டவணையில் தள்ளியிருந்த காலத்திலேயே, இவ்வொன்றை மட்டும் புலியும் யானையும் வீற்றிருக்கும் 1-ஆம் அட்டவணைக்கு உயர்த்தியது. அந்த 5-ஆம் அட்டவணையும் 2022-ஆம் வருஷத்துத் திருத்தத்தால் ஒழிந்தது. 2021-இல் இவ்வனம் புலிகள் காப்பகமானதை நாங்கள் மனமார வரவேற்றோம். ஆனால் புலியின் தடம் பற்றிச் செல்லும் ரோந்து, வௌவாலின் குகைவாயிலில் தானாகக் கொண்டுபோய் நிறுத்திவிடாது.

குகைக்குத் தனிக் காவல் வேண்டுமென்பதற்குக் காரணம் உண்டு. பரந்த வனத்தில் சிதறி வாழும் பிராணியை ஒரே நாளில் எவனும் அழித்துவிட முடியாது. பகலெல்லாம் ஓரிடத்தில் கூடித் தொங்கும் வௌவால்களையோ, இறைச்சிக்காகவும், ஈளைநோய் தீருமென்ற ஆதாரமற்ற நம்பிக்கையினாலும், வாயிலில் வலை கட்டி உள்ளே புகைபோட்டு ஓரிரவில் வாரிவிடலாம். ஈற்றுக்கு ஒரு குட்டியே ஈனும் ஜாதி அந்த நஷ்டத்திலிருந்து மீள்வது எத்தனை ஆண்டுகளில் என்பதைத் தாங்களே யூகித்துக்கொள்ளலாம். காட்டுக் கனிகளின் வித்துக்களைத் தொலைவெங்கும் பரப்பும் இவை குன்றினால் வனம் குன்றும். வனம் குன்றினால் வைகை நீரை நம்பிய வருசநாட்டுக் குடியானவன் கதி என்ன?

ஆகவே, காப்பகத்தினுள்ளும், அதனை அடுத்த காப்பி, ஏலத் தோட்டங்களிலும் உள்ள குகைகளனைத்தையும் தக்க விலங்கியலாரைக் கொண்டு கணக்கெடுக்க வேண்டுமெனவும், அக்குகைகள் இருக்குமிடம் வேடிக்கை பார்ப்போர்க்கும் வேட்டையாடுவோர்க்கும் எட்டாதபடி ரகசியமாகவே வைக்கப்பட வேண்டுமெனவும் கோருகிறோம். தனியார் நிலத்துக் குகைகள் விஷயத்தில் தோட்ட உரிமையாளரோடு எழுத்து மூலமான உடன்படிக்கை அவசியம். எல்லைக்கல் எந்தப் பக்கம் என்று வௌவாலுக்குத் தெரியாது. குட்டியீனும் பருவத்தில் ஆராய்ச்சியாளர்களும் உள்ளே நுழையலாகாது.

நற்கருத்துடன் செய்யப்படும் ஒரு காரியத்தைப் பற்றியும் முன்கூட்டியே விண்ணப்பிக்கிறோம்: குகைவாயிலில் இரும்புக் கிராதி பொருத்த வேண்டாம். சிறு பூச்சியுண்ணும் வௌவால்கள் எதிரொலி கொண்டு கம்பிகளினூடே புகுந்துவிடக்கூடும். பார்வையையும் மோப்பத்தையும் பெரிதும் நம்பிப் பறக்கும் பழந்தின்னிகளுக்கோ அது பொறியாகவே முடியும். வாயிலிலிருந்து விலகிய வேலியும், வனத்தை உள்ளங்கைபோல் அறிந்த பளியர் குடும்பங்களிலிருந்து தக்க ஊதியத்தில் நியமிக்கப்படும் காவலருமே போதும். பாதுகாப்பென்ற பெயரால் அம்மக்களை வெளியேற்றும் யோசனை எதற்கும் எங்கள் சங்கம் உடன்படாது.

நிபா, கொரோனா பீதியினால் வௌவாலைக் கண்டவிடத்தில் விரட்டும் மனப்பான்மை பரவியிருப்பதால், கூட்டத்தைக் கலைப்பதே நோய்பரவும் அபாயத்தை அதிகரிக்கக்கூடும் என்பதைச் சுகாதாரத் துறையினர் கிராமசபைதோறும் எடுத்துரைக்க ஆவன செய்யவும் வேண்டுகிறோம்.

இவற்றின்மீது தாங்கள் எடுக்கும் முடிவை எழுத்து மூலம் தெரிவிக்குமாறும், கணக்கெடுப்பு தொடங்குமுன் எங்கள் பிரதிநிதிகளையும் பளியர் ஊர்ப் பெரியவர்களையும் அழைத்துக் கலந்தாலோசிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
சங்கத் தலைவர், செயலாளர் மற்றும் அங்கத்தினர்