மூன்று சக்கர வண்டி: கம்பெனியில் செய்ததா, பட்டறையில் மாற்றியதா?

முக்கூடலில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். திண்ணையில் ஓர் அக்கா, மடியில் பீடித் தட்டு. வயது நாற்பதைத் தொட்டிருக்கும். சின்ன வயதில் வந்த போலியோ இரண்டு கால்களின் வலுவையும் எடுத்துக்கொண்டது. கைகள் மட்டும் மின்னல் வேகம். ஆனால், சுற்றிய பீடியைக் கடையில் கொடுத்துவிட்டு இலையும் தூளும் வாங்கி வர ஒருவரை எதிர்பார்க்க வேண்டும். மகளைப் பள்ளியில் விட இன்னொருவர் வேண்டும். ஆஸ்பத்திரிக்கு அம்பாசமுத்திரமோ திருநெல்வேலியோ போவதென்றால் ஆட்டோ பிடிக்க வேண்டும்.

"எக்கா, என் பழைய ஸ்கூட்டர் சும்மாதான நிக்கி. ரெண்டு பக்கமும் வீல் வச்சிட்டா ஓட்டிரலாம். வெல்டிங் பட்டறை அண்ணாச்சி ஒரே நாள்ல முடிச்சிருவாரு" என்கிறான் தம்பி.

"பழசுல போயி ஒட்டுப் போடாதல. கம்பெனியிலயே மூணு சக்கரமா வருதாம்லா, அத வாங்குவோம்" என்கிறார் அம்மா.

இந்தியாவில் கடைசியாக போலியோ பதிவானது 2011 ஜனவரியில். 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்ற சான்றிதழும் கிடைத்துவிட்டது. ஆனால், அதற்கு முன்பு பாதிக்கப்பட்ட குழந்தைகள் இன்று சம்பாதிப்பவர்கள், பிள்ளை பெற்றவர்கள். விபத்திலும் நோயிலும் கால் இழந்தவர்களும் உண்டு. அவர்கள் வீடுகளிலெல்லாம் இந்தப் பேச்சு ஒருமுறையாவது நடந்திருக்கும். தம்பி சொல்வது சரியா, அம்மா சொல்வது சரியா?

*மூன்று சக்கரமா, நான்கா?*

ஊர்ப் பேச்சில் 'மூன்று சக்கர ஸ்கூட்டர்' என்று சொல்கிறோம். அடுத்த முறை பார்க்கும்போது எண்ணிப் பாருங்கள். முன்னால் ஒன்று, பின்னால் நடுவில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. மொத்தம் நான்கு! வழக்கமான கியர் இல்லாத ஸ்கூட்டரின் பின்சக்கரத்தை அப்படியே விட்டுவிட்டு, இரு பக்கமும் துணைச் சக்கரம் சேர்த்ததுதான் அந்த வண்டி. அரசுக் குறிப்புகளில் இதற்குப் பெயர் 'இணைப்புச் சக்கரங்கள் பொருத்திய ஸ்கூட்டர்'.

பைக்கை விட்டுவிட்டு ஏன் ஸ்கூட்டர்? பைக்கில் கியர் மாற்ற ஒரு கால், பின் பிரேக்குக்கு ஒரு கால் வேண்டும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் ஆக்ஸிலேட்டர், இரண்டு பிரேக், செல்ஃப் ஸ்டார்ட் எல்லாமே கையில் இருக்கின்றன. கால் செய்ய வேண்டிய ஒரே வேலை, வண்டி நிற்கும்போது தரையில் ஊன்றுவது. அந்த வேலையைத்தான் துணைச் சக்கரங்கள் எடுத்துக்கொள்கின்றன.

இன்னொரு வகை, பின்சக்கரத்தையே எடுத்துவிட்டு, அச்சும் இரண்டு சக்கரங்களும் வைப்பது. இதுதான் உண்மையான மூன்று சக்கரம். ஆனால், வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் சுற்றியாக வேண்டும். அதற்கு ஆட்டோவில் இருப்பதுபோல டிஃபரன்ஷியல் தேவை. அது இல்லாமல் ஒரே கம்பியில் இரண்டு சக்கரத்தையும் கோத்துவிட்டால் டயர் தேயும், திருப்பத்தில் வண்டி முரண்டு பிடிக்கும். இது சாதாரண பட்டறை வேலை இல்லை.

*அம்மா சொல்லும் கம்பெனி வண்டி*

பெட்ரோல் ஸ்கூட்டர் விற்கும் பெரிய ஷோரூம்களில் பொதுவாகக் கிடைப்பது இரண்டு சக்கர வண்டிதான். அதை வாங்கி, துணைச் சக்கர கிட் பொருத்திக்கொள்வதே வழக்கம். ஆக, பெட்ரோல் வண்டியைப் பொறுத்தவரை 'புதுசு' என்பதும் ஒரு மாற்றிய வண்டிதான்.

மின்சார வண்டியில் நிலைமை வேறு. மூன்று சக்கரமாகவே தயாரித்து விற்கும் கம்பெனிகள் இருக்கின்றன. நம் சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான 'நியோபோல்ட்' இன்னொரு வழியைக் காட்டியது. பேராசிரியர் சுஜாதா சீனிவாசனின் ஆய்வுக் குழுவும் 'நியோமோஷன்' நிறுவனமும் சேர்ந்து 2021-ல் கொண்டுவந்த கருவி இது. சக்கர நாற்காலியின் முன்னால் மோட்டார் பகுதியை மாட்டினால், நாற்காலியே மூன்று சக்கர வண்டியாகிவிடும். அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கி.மீ., ஒரு சார்ஜில் சுமார் 25 கி.மீ. ஓடும். அறிமுக விலை 55,000 ரூபாய். நாற்காலியிலிருந்து இறங்கி வண்டியில் ஏறும் பாடு கிடையாது என்பதுதான் இதன் பெரிய வசதி.

ஆனால், நம் அக்காவின் கணக்கில் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. மகள் எங்கே உட்காருவாள்? நாற்காலியில் ஒருவருக்குத்தான் இடம். பின்சீட் உள்ள ஸ்கூட்டரில் பள்ளிக்கூடம் வரை மகளும் வரலாம். முக்கூடலிலிருந்து திருநெல்வேலி போய்த் திரும்ப ஒரு சார்ஜ் பத்தாது. ஊருக்குள் மட்டும் போய்வர மின்சார வண்டி போதும். வெளியூரும் உண்டு, பின்னால் ஓர் ஆளும் உண்டு என்றால் ஸ்கூட்டர்தான் பொருந்தும்.

*தம்பி சொல்லும் பட்டறை வண்டி*

வெல்டிங் அண்ணாச்சி கெட்டிக்காரராகவே இருக்கட்டும். ஆனால், ஸ்கூட்டரின் அமைப்பில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதில் எஞ்சினும் பின்சக்கரமும் ஒரே கட்டாகச் சேர்ந்து, பள்ளம் மேட்டில் மேலும் கீழும் ஆடும். துணைச் சக்கரத்தின் பாரத்தை எஞ்சின் உறையில் ஏற்றினால் அது விரிசல் விடலாம். சேஸிஸில் கண்ட இடத்தில் வெல்டிங் வைத்தால் அந்த இடம் பலவீனமாகும். நல்ல கிட், சேஸிஸோடு போல்ட்டில் பூட்டப்பட்டிருக்கும். துணைச் சக்கரங்களுக்குத் தனி சஸ்பென்ஷன் இருக்கும்.

சஸ்பென்ஷன் இல்லாவிட்டால் என்ன ஆகும்? மேடு பள்ளமான தெருவில் இரண்டு பக்கச் சக்கரங்களும் மேட்டில் ஏறிக்கொள்ளும். இழுக்க வேண்டிய நடுச் சக்கரம் பள்ளத்தின் மேல் அந்தரத்தில் சுற்றும். எஞ்சின் உறுமும், வண்டி நகராது. இறங்கித் தள்ள முடியாதவர் அதில் உட்கார்ந்திருக்கிறார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

வளைவும் முக்கியம். இரண்டு சக்கர வண்டி திருப்பத்தில் சாயும். துணைச் சக்கரம் வைத்த வண்டி சாயாது. வேகமாகத் திருப்பினால் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பும். இத்தாலியின் பியாஜியோ 2006-ல் கொண்டுவந்த எம்.பி.3 ஸ்கூட்டரில் முன்னால் இரண்டு சக்கரம் இருந்தும் வண்டி சாய்ந்து திரும்பும். அந்த வசதி சாதாரண கிட்டில் கிடையாது. எனவே திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துப் பழக வேண்டும். எடையும் கூடியிருப்பதால், பிரேக் பிடித்தாலும் முன்பைவிடத் தள்ளித்தான் நிற்கும். நிறுத்தினால் உருளாமலிருக்க பார்க்கிங் பிரேக்கும் அவசியம்.

*சட்டம் என்ன சொல்கிறது?*

தம்பியின் யோசனையில் பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கிறது. வாகனத்தை அதன் தயாரிப்பு அமைப்புக்கு முரணாக மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனுமதியில்லாமல் மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது அதே ஆண்டில் வந்த மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம்.

பயப்பட வேண்டாம். அதே சட்டம் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. அவர்களுக்காக வடிவமைத்த அல்லது அவர்களுக்காக மாற்றிய வண்டிக்குத் தனி இலக்கணம் இருக்கிறது. விதிகளுக்கு உட்பட்டு அப்படி மாற்றிக்கொள்ளலாம். ஆனால், அந்த வண்டி அவருக்காக மட்டுமே ஓட வேண்டும். தம்பி அவசரத்துக்கு எடுத்துப்போகும் வண்டியாக இருக்கக் கூடாது. பைக்கில் பின்னால் பெட்டி கட்டி சரக்கு ஏற்றுகிறவர்களுக்கும் இந்தக் கதவு இல்லை.

முக்கியமானது ஆர்.சி. புத்தகம். மாற்றம் அதில் ஏற வேண்டும். ஏறாவிட்டால், விபத்து நடந்த அன்று "நாங்கள் இன்ஷூரன்ஸ் செய்தது இரண்டு சக்கர வண்டியை. இது வேறு வண்டி" என்று சொல்ல வழி பிறக்கும். பதிவு ஆகியிருந்தால் கேட்டுப் பெறச் சலுகைகளும் உண்டு. தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளின் வாகனத்துக்கு சாலை வரி விலக்கு இருக்கிறது. இன்ஷூரன்ஸில் சொந்த சேதப் பிரீமியத்துக்குத் தள்ளுபடி இருக்கிறது. துணைச் சக்கர கிட்டுக்கு ஜி.எஸ்.டி.யை 5 சதவிகிதமாகக் குறைக்க 2021 செப்டம்பரில் முடிவானது.

*கம்பெனி முத்திரை மட்டும் போதுமா?*

இங்கிலாந்தில் ஒரு கதை நடந்தது. பெர்ட் கிரீவ்ஸ் என்பவர், நடக்க முடியாத தன் உறவினர் டெர்ரி பிரஸ்டன்-காபின் சக்கர நாற்காலியில் புல்வெட்டும் இயந்திரத்தின் மோட்டாரைப் பொருத்திக் கொடுத்தார். அந்த வீட்டு வேலையே 1940-களின் இறுதியில் 'இன்வாகார்' என்ற கம்பெனியானது. அரசே அந்த வகை மூன்று சக்கர வண்டிகளை மாற்றுத்திறனாளிகளுக்குக் கொடுத்தது. வெளிர்நீல நிறத்தில் ஊரெல்லாம் ஓடிய அவற்றில் ஒரே ஒரு சீட். மனைவியோ குழந்தையோ கூட வர முடியாது. பக்கக் காற்றில் தள்ளாடும் என்ற புகாரும் இருந்தது. கடைசியில் 2003 மார்ச் 31-ம் தேதியோடு பாதுகாப்புக் காரணத்துக்காகச் சாலையிலிருந்து விலக்கப்பட்டன.

ஒரு மாற்றிய வண்டியிலிருந்துதான் அந்தக் கம்பெனி வண்டியே பிறந்தது. கம்பெனியில் செய்ததாலேயே அது குறையில்லாததாகவும் ஆகிவிடவில்லை. எங்கே செய்தது என்பதைவிட, ஓட்டுபவரின் வாழ்க்கைக்கு அது பொருந்துகிறதா, யாராவது சோதித்துச் சான்று கொடுத்திருக்கிறார்களா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

*அப்படியானால் அக்கா என்ன செய்யலாம்?*

1. முதல் படி பட்டறையும் இல்லை, ஷோரூமும் இல்லை. திருநெல்வேலி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். இரண்டு கால்களும் பாதிக்கப்பட்டு, கைகள் நன்றாக இருப்பவர்களுக்கு இணைப்புச் சக்கர ஸ்கூட்டரைத் தமிழக அரசு இலவசமாகவே கொடுக்கிறது. அடையாள அட்டையோடு போய்த் தகுதி என்ன, எப்போது விண்ணப்பிக்கலாம் என்று விசாரியுங்கள்.

2. சொந்தமாக வாங்குவதென்றால், புது ஸ்கூட்டரும் சான்று பெற்ற கிட்டும் நல்ல வழி. வண்டி அவர் பெயரிலேயே இருக்கட்டும். பில், கிட்டின் சான்றிதழ் இரண்டையும் பத்திரப்படுத்துங்கள்.

3. சக்கரம் வைப்பதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விவரம் சொல்லி அனுமதி கேளுங்கள். மாற்றிய 14 நாட்களுக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். கடனில் வாங்கிய வண்டி என்றால் ஃபைனான்ஸ் கம்பெனியின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

4. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதி, பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள். ஓட்டுநர் உரிமமும் இந்த வகை வண்டிக்கு உரியதாக இருக்க வேண்டும்.

5. தம்பியின் பழைய ஸ்கூட்டர் கடைசி வழி. பெயர் மாற்ற வேண்டும். 15 வருடம் முடிந்திருந்தால் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். சேஸிஸ் துருப்பிடிக்காமல் இருக்க வேண்டும். இத்தனைக்கும் செலவு செய்தால் மிச்சமாகும் காசு கொஞ்சம்தான்.

6. மின்சார வண்டி பிடித்திருந்தால், 'பதிவு வேண்டாம்' என்று கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். மோட்டார் 250 வாட்டுக்குள்ளும் வேகம் 25 கி.மீ.க்குள்ளும் இருந்தால்தான் அந்த விலக்கு. அதற்கான சோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

பணம் கட்டும் முன், பக்கத்து ஊரில் அதே கிட் பொருத்தி ஓட்டும் ஒருவரைத் தேடிப் பாருங்கள். பஞ்சர் ஆனால் எப்படிச் சமாளிக்கிறார், ரிவர்ஸ் இல்லாத வண்டியை முட்டுச் சந்தில் எப்படித் திருப்புகிறார் என்று கேளுங்கள். எந்த விளம்பரமும் சொல்லாததை அவர் சொல்வார்.

மற்றவர்களுக்கு வண்டி பழுதானால் ஒரு நாள் நடந்து போய்க்கொள்ளலாம். அக்காவுக்கு வண்டிதான் கால். மலிவாக முடிந்துவிடும் என்று அதில் ஒட்டுப் போட வேண்டாம். நேராகச் செய்தால், பீடிக் கடைக்கு அவரே போவார். சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் மகளுக்காக அவரே காத்திருப்பார்.