மூலமொழி கல்லாது நாகரிகம் கற்றல்

பண்டை நாகரிகமொன்றைச் சர்வகலாசாலையிலே சிறப்புப் பாடமாகக் கற்பவர், அந்நாகரிகத்துக்குரிய மொழியையும் கற்றேயாகவேண்டுமா? ஐக்கிய அமெரிக்காவிலே 2021ஆம் ஆண்டிற் பெரிதாக எழுந்த வினா இது. நெடுங்காலம் இலக்கணம் கற்பித்து வருபவன் என்ற முறையில் இதுபற்றி என் கருத்தைக் கூற விழைகின்றேன்.

அவ்வாண்டிலே பிறின்ஸ்ரன் சர்வகலாசாலையின் கிரேக்க உரோமக் கல்வித் துறை, தன் சிறப்பு மாணாக்கர் கிரேக்கமோ இலத்தீனோ கற்கவேண்டும் என்னும் விதியை நீக்கியது. மொழி வகுப்புக்கள் மூடப்படவில்லை. கட்டாயம் மாத்திரமே ஒழிந்தது. அதே ஆண்டில் வாஷிங்ரன் நகரத்து ஹவார்ட் சர்வகலாசாலை அத்தகைய தன் துறையையே கலைத்துவிட்டது. அடிமைத்தளை நீங்கிய கறுப்பின மக்களின் கல்வியை முன்னிட்டு 1867ஆம் ஆண்டிலே தோன்றிய கழகம் அது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற நாவலாசிரியை ரோனி மொறிசன் அங்கே அப்பாடத்தையும் பயின்றவர். இவ்விரு செயல்களையும் ஒன்றென மயங்குதல் ஆகாது. முன்னையது வாயிலை அகலமாக்கியது. பின்னையது வீட்டையே மூடிற்று.

பிறின்ஸ்ரனார் பக்கத்து நியாயம் புறக்கணிக்கத்தக்கதன்று. கிரேக்கமும் இலத்தீனும் இளமையிலே கற்கும் வாய்ப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் கிட்டுவதில்லை. பதினெட்டாம் வயதில் அரிச்சுவடி தொடங்கவேண்டியவன் என்பதற்காக ஒருவனை அப்பாடத்திலிருந்தே விலக்குதல் அறமாகாது. ஆயின், வாயிலிலே மொழியறிவைக் கேளாதிருத்தல் வேறு; உள்ளே வந்தவன் அதனைக் கல்லாமலே பட்டம் பெற்றுப் போகவிடுதல் வேறு. முன்னையதை வரவேற்கின்றேன். பின்னையதற்கு என் மனம் ஒருப்படவில்லை.

மொழிபெயர்ப்பிலே நாம் காண்பது, பிறர் ஒருவர் முன்னமே ஆய்ந்து முடிவு செய்த பொருளை. கிரேக்கரின் 'பொலிஸ்' என்னும் சொல்லை ஒருவர் நகரம் என்பார். மற்றொருவர் அரசு என்பார். கிரேக்கரின் அரசியலை அறியப் புகுந்தவன் எதனைப் பற்றுவான்?

மொழிப்பயிற்சி செய்யவல்லதற்குச் சான்று ஒன்று காட்டுவேன். கிரீற் தீவிலே 1900ஆம் ஆண்டு தொடங்கிய அகழ்வில் வெளிப்பட்ட களிமண் ஏடுகளின் 'லீனியர் பி' எழுத்து, அரை நூற்றாண்டுக் காலம் எவருக்கும் பிடிபடவில்லை. புறூக்லின் கல்லூரி ஆசிரியை அலிஸ் கோபர், சொற்களின் ஈறுகள் திரியும் முறையை ஒப்புநோக்கி, சிறு காகிதத் துண்டுகளிலே ஏறத்தாழ 1,80,000 குறிப்புக்கள் எழுதிவைத்து, 1950இல் மறைந்தார். 1952இல் மைக்கல் வென்ரிஸ் என்னும் கட்டடக் கலைஞர், அவ்வாய்வின் துணையோடு மேலும் சென்று, அம்மொழி பழங்கிரேக்கமே எனக் கண்டார். கிரேக்க மொழிநூல் வல்லுநர் ஜோன் சட்விக் அம்முடிபை நிலைநாட்டத் துணைநின்றார். வேற்றுமை, விகுதி என்று நாம் சொல்லத் தொடங்கியதும் வகுப்பிலே மாணாக்கர் கொட்டாவி விடுகின்றனர். 3,000 ஆண்டு மௌனத்தைக் கலைத்தது அத்தகைய ஆராய்ச்சியே.

தமிழர்க்கும் இதிலே படிப்பினை உண்டு. சிந்துவெளி எழுத்தின் பொருளைத் தெளிவாக்குவோருக்குப் பத்து இலட்சம் அமெரிக்க டொலர் பரிசு வழங்கப்படும் எனத் தமிழ்நாட்டு முதலமைச்சர் 2025 ஜனவரியில் அறிவித்தார். பரிசு ஊக்கந் தரும். எனினும், கோபரைப் போலப் பல்லாண்டு அமர்ந்து எண்ணி ஒப்பிடும் பொறுமையைப் பணம் தரமாட்டாது. அது பயிற்சியால் வருவது. அப்பயிற்சிக்குக் களம் சர்வகலாசாலை.

ஆகையால், முதலாண்டிலே அரிச்சுவடியிலிருந்தே மொழியைத் தொடங்குக. அதற்கு ஆசிரியரையும் நேரத்தையும் தாராளமாக அளிக்குக. இறுதியாண்டிலே மாணாக்கன் மூலநூல் ஒன்றின் சில பக்கங்களையாவது, அகராதியின் துணைகொண்டேனும், தானே படித்துப் பொருள்காணச் செய்க. வறிய மாணாக்கனுக்கு நாம் செய்யத்தக்க உபகாரம் அரிய பொருளை அவன் கைக்கு எட்டச் செய்தலே. அது அவனுக்கு வேண்டுவதில்லை என்று தீர்ப்பளிக்க நமக்கு என்ன உரிமை உண்டு?