கொல்லிமலையை ஐந்தாம் அட்டவணையில் சேர்க்க என்ன தடை?

ஆசிரியர் அவர்களுக்கு,

கனடாவின் இனுவிட் மக்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பனி, நாய் வண்டி, கடல்நாய் வேட்டை எல்லாம் அழகாக எழுதியிருந்தார் கட்டுரையாளர். அந்த மக்கள் தங்கள் நிலத்துக்காக என்ன செய்தார்கள் என்பதற்கு மட்டும் அதில் ஒரு பத்திகூட இல்லை. நான் கொல்லிமலை வளவந்தி நாட்டில் பிறந்து, அடிவாரத்துக் காரவள்ளியில் குடியிருக்கும் மலையாளிப் பழங்குடி. எனக்கு வேண்டியிருந்தது அந்த விடுபட்ட பத்திதான்.

கனடா அரசு அவர்களுக்குச் செய்த கொடுமை கொஞ்சநஞ்சமல்ல. பெயரை எழுதி வைக்கத் தெரியாத அதிகாரிகள், 1940களில் தொடங்கி ஆளுக்கொரு எண் பொறித்த வில்லையைக் கொடுத்து, அதைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். 1953இல் கியூபெக் வடக்கிலிருந்து சில குடும்பங்களைக் கப்பலில் ஏற்றி, ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் வடக்கே, மாதக்கணக்கில் சூரியனே உதிக்காத தீவுகளில் இறக்கிவிட்டார்கள். அதற்கு அரசு மன்னிப்புக் கேட்டது 2010இல். இனுவிட் உட்பட அந்நாட்டுப் பூர்வகுடிக் குழந்தைகள் 1,50,000 பேருக்கு மேல் பெற்றோரைப் பிரிந்து உறைவிடப் பள்ளிகளில் அடைக்கப்பட்டார்கள். தாய்மொழி பேசினால் அடி.

இத்தனைக்கும் பிறகு இனுவிட் தலைவர்கள் 1976இல் தங்கள் நிலக் கோரிக்கையை அரசின் முன் வைத்தார்கள். எந்தக் கரையில் மீன், எந்த வழியில் மான் என்று வேட்டைக்காரர்கள் சொல்லச் சொல்ல வரைந்த வரைபடங்கள்தான் அவர்கள் கையில் இருந்த ஆதாரம். பதினேழு ஆண்டுகள் விடாமல் பேசினார்கள். 1993இல் ஒப்பந்தமாகி, ஏறத்தாழ மூன்றரை லட்சம் சதுர கிலோமீட்டர் நிலம் அவர்களுக்கு உரிமையானது. 1999 ஏப்ரல் 1 அன்று நூனாவுட் என்ற தனி ஆட்சிப்பகுதி பிறந்தது. அங்கே இன்று குறைகள் இல்லாமல் இல்லை. வீட்டுப் பற்றாக்குறையும் காசநோயும் இன்னும் வாட்டுகின்றன. ஆனாலும் நிலத்தைப் பற்றி அவர்களைக் கேட்காமல் முடிவெடுக்க முடியாது.

இனி எங்கள் மலைக்கு வருகிறேன். காரவள்ளியில் தொடங்கி எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால், மேலே வாழ்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மலையாளிப் பழங்குடியினர். தனி வட்டம், தனி ஊராட்சி ஒன்றியம். வளவந்தி நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு என்று பதினான்கு நாடுகள். வழக்கு வம்பு வந்தால் ஊர்க்கவுண்டரும் நாட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசித் தீர்த்த மண் இது.

இப்படிப்பட்ட பகுதிகளுக்காகவே நம் அரசமைப்புச் சட்டத்தில் ஐந்தாம் அட்டவணை இருக்கிறது. பழங்குடியினர் பெரும்பான்மை, ஒட்டிக் கிடக்கும் நிலப்பரப்பு, தனி நிர்வாக அலகு, பின்தங்கிய நிலை ஆகியவை அதற்கான அளவுகோல்கள். இவற்றில் எது கொல்லிமலைக்குப் பொருந்தாது? பத்து மாநிலங்களில் அட்டவணைப் பகுதிகள் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. தமிழ்நாட்டில் ஒரு சிற்றூர்கூட இல்லை. ஆங்கிலேயர் 1935 சட்டத்தின்கீழ் ஒதுக்கி வைத்த பகுதிகளை ஒட்டியே 1950இல் பட்டியல் போட்டார்கள். சென்னை மாகாணத்தில் கோதாவரி, விசாகப்பட்டின மலைகள் அதில் இருந்தன, எங்கள் மலைகள் இல்லை. அன்று விட்டது இன்றுவரை விட்டதுதான்.

இது வெறும் பட்டியல் விவகாரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அட்டவணைப் பகுதியானால், அத்தகைய பகுதிகளின் ஊராட்சிகளுக்கான 1996ஆம் ஆண்டின் பெசா சட்டம் வரும். நிலம் கைமாறுவதைத் தடுக்கவும், பறிபோனதை மீட்கவும், கந்துவட்டியைக் கட்டுப்படுத்தவும் கிராம சபைக்கு அதிகாரம் வரும். நிலம் எடுக்குமுன் கிராம சபையைக் கலந்தாக வேண்டும்.

அந்த அதிகாரம் இல்லாததால் என்ன நடக்கிறது? எங்கள் பக்கத்தில் சாமையும் தினையும் விளைந்த கொல்லைக்காடுகளில் இன்று மரவள்ளி நிற்கிறது. நடும்போதே முன்பணம் கொடுத்து வைத்திருக்கும் வியாபாரி, கிழங்கு பிடுங்கும்போது லாரியோடு வருகிறார். மாவுச்சத்துக்குப் பாயிண்ட் கணக்கு, மண்ணுக்குக் கழிவு, ஏற்றுகூலி, முன்பணத்துக்கு வட்டி என்று எல்லாம் போக மிஞ்சுவது பல சமயம் அடுத்த முன்பணம்தான். அது கட்டாமல் போனால் நிலம் போக்கியத்துக்குப் போகும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றிய தோட்டத்தை மகள் கல்யாணத்துக்காகப் போக்கியத்துக்கு விட்டது. திருப்ப முடியவில்லை. இப்போது கணவனும் மனைவியும் அதே கொடியில் ஏணி வைத்து நாள்கூலிக்கு மிளகு பறிக்கிறார்கள். பக்கத்துத் தோட்டம் கைமாறி, கம்பி வேலியும் இரும்புக் கேட்டும் போட்டுத் தங்கும் விடுதியாகிவிட்டது.

பரம்பரைப் பட்டா நிலம் வெளியார் கைக்குப் போவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. வன உரிமைச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். 2006இல் வந்த அந்தச் சட்டம் காட்டு நிலத்துக்கானது. பட்டா நிலத்தை அது காப்பாற்றாது. அதிலும் தமிழ்நாட்டில் உரிமைப் பட்டா வழங்க 2008இல் உயர் நீதிமன்றம் போட்ட தடை நீங்கவே 2016 ஆகிவிட்டது.

பாக்சைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆந்திரத்தின் அட்டவணைப் பகுதி நிலத்தைத் தனியார் சுரங்கத்துக்குக் குத்தகைக்கு விடக்கூடாது என்று சமதா வழக்கில் 1997இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒடிசாவின் நியாம்கிரியில் 2013இல் பன்னிரண்டு கிராம சபைகள் கூடி பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன; சுரங்கம் வரவில்லை. எங்கள் மலையிலோ மேட்டூர் அலுமினிய ஆலைக்காகப் பல ஆண்டுகள் வெட்டினார்கள். உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போன பிறகுதான் நின்றது. வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் எங்கள் கிராம சபைக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

நான் கலந்துகொண்ட ஒரு கிராம சபையில், தட்டச்சு செய்து கொண்டுவந்த தீர்மானங்களை அலுவலர் வேகமாக வாசித்தார். ஒரு பெரியவர் எழுந்து, “ஓடைக்கு மேல விடுதி கட்டுறாங்களே, யாரைக் கேட்டு சார்?” என்றார். “அது இன்னிக்கு அஜெண்டாவுல இல்ல, உக்காருங்க பெரியவரே” என்று பதில் வந்தது. பதிவேடு சுற்றி வந்தபோது அவரும் கையெழுத்துப் போட்டார். போடாவிட்டால் நூறு நாள் வேலைக்கு இடைஞ்சல் வருமோ என்ற பயம். 2025 ஜனவரி 5ஆம் தேதி ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனபோது, கேள்வி கேட்கத் தலைவர்கூட இல்லாமல் போனார்.

ஆண்டுதோறும் ஆடியில் எங்கள் மலையின் செம்மேட்டில் வல்வில் ஓரிக்கு அரசு விழா எடுக்கிறது. அமைச்சர்கள் வருகிறார்கள். ஓரியின் கொடையைப் போற்றுகிற மேடையில், ஓரி ஆண்ட மலையின் நிலம் யார் பெயருக்கு மாறிக்கொண்டிருக்கிறது என்று ஒருவராவது பேசியிருக்க வேண்டாமா? தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கியவை ஏற்காடு, சேந்தமங்கலம் இரண்டுதான். இரண்டு குரல்கள் சட்டமன்றத்தில் எடுபடாது. மற்ற உறுப்பினர்களும் சேர்ந்து கேட்டால்தான் உண்டு.

நாங்கள் தனி நாடு கேட்கவில்லை, நூனாவுட்டும் கேட்கவில்லை. மலையில் பல தலைமுறையாக வாழும் மற்ற சமூகத்தாரை வெளியேற்றவும் சொல்லவில்லை. மாநிலப் பழங்குடியினர் ஆலோசனைக் குழுவைக் கூட்டி, கொல்லிமலை, கல்வராயன் மலை, ஏற்காடு, ஜவ்வாது மலை, பச்சைமலை ஆகியவற்றில் தகுதியுள்ள பகுதிகளை அட்டவணைப் பகுதிகளாக அறிவிக்கும்படி தமிழ்நாடு அரசு ஒன்றிய அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும். அப்படி அறிவிக்கும் குடியரசுத் தலைவரின் ஆணை வரும்வரை, பழங்குடியினர் நிலம் வெளியார் பெயருக்குப் பதிவாவதை ஓர் அவசரச் சட்டம் போட்டு நிறுத்த வேண்டும். இந்த இரண்டுக்கும் காசு செலவில்லை, அரசுக்கு மனது இருந்தால் போதும். தாங்களும் இதைத் தலையங்கமாக எழுதி அரசின் பார்வைக்குக் கொண்டுசெல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
காரவள்ளி, நாமக்கல் மாவட்டம்.